நான்காம் எண் கருடன், வலது மார்பு

போன மாதம் பறவைக் காப்பகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் டாக்டர். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பறவைக்கு ஒரு படிவம்: இனம், எடை, வந்த ஊர், சிப் எண், சிப் இருக்கும் இடம்.

“மேடம், நாலாம் நம்பர் கருடனுக்கு மட்டும் வலது மார்புன்னு எழுதியிருக்கீங்க. கீழ சிவப்புல ரெண்டு கோடு வேற. படிவத்துல இடதுன்னு ஒண்ணுதான் இருக்கு. அதைப் போட்டாத்தான் சேவ் ஆகுது. போட்டுடட்டுமா?”

“போடாதீங்க.”

“ஒரு ஃபார்மாலிட்டிதானே மேடம்?”

“போன்ல சொல்ற அளவுக்குச் சின்ன விஷயம் இல்ல டாக்டர். எழுதி அனுப்புறேன்.”

அவருக்காக எழுத உட்கார்ந்தேன். பணியில் இருக்கும் மற்றவர்களும் படித்தால் நல்லது என்று தோன்றியதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர். படித்தது மாடு, பார்த்ததும் மாடு. குத்தாலம் பக்கத்து மருந்தகத்தில் இருபத்திரண்டு வருடம் சினை ஊசியும் கோமாரித் தடுப்பூசியும் போட்டேன். பறவை என்றால் கோழி. கோழி என்றால் வெள்ளைக் கழிச்சல் நோய். ஐம்பதை நெருங்கும்போது தஞ்சாவூருக்கு மாற்றல் வந்தது. கூடவே, நகரத்துக்கு வெளியே ஓர் அறக்கட்டளை நடத்திய காப்பகத்தை வாரத்தில் மூன்று நாள் பார்க்கும் கூடுதல் பொறுப்பும் வந்தது. அங்கே இருந்தவை எல்லாம் இரை பிடிக்கும் பறவைகள். பட்டம் விடும் மாஞ்சா நூலில் இறக்கை அறுந்த பருந்து, பம்புசெட் கம்பியில் அடிபட்ட கருடன், விஷம் வைத்த எலியைத் தின்ற கூகை. தேறியதை வெளியே விடுவோம். தேறாதது ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும்.

எது தேறியது, எது தேறாதது என்று பிழையில்லாமல் தெரிய வேண்டும். கருடனில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். வெள்ளைத் தலை, செங்கல் நிற முதுகு. கிளையில் இரண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு அடையாளம் தெரியாது. அதுவரை கூண்டில் தொங்கிய தகரப் பலகைதான் அடையாளம். காலில் வளையம் போட்டுப் பார்த்தார்கள்; அலகாலேயே நெளித்துக் கழற்றிவிட்டன. அதனால் ஒவ்வொரு பறவைக்கும் உடம்புக்குள் சிப் வைப்பது என்று முடிவானது.

அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் என் மேலதிகாரி டாக்டர் சந்தானம். ஒல்லியானவர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் பச்சை மைப் பேனா ஒன்று, சிவப்பு ஒன்று. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எந்த அறிக்கையைக் கொண்டுபோனாலும் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

“ஸ்டெல்லா, பாத்தீங்களா, நெனச்சீங்களா?”

காய்ச்சல் இல்லை என்று எழுதியிருந்தால் தெர்மாமீட்டரில் பார்த்தீர்களா அல்லது தொட்டு நினைத்தீர்களா என்று அர்த்தம். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். ஆறு மாதத்தில், நானே எழுதிய வரியை நானே அப்படிக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

சிப் என்பது கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்த ஒரு துணுக்கு. அரிசி அளவு என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் எந்த அரிசி என்று கேட்பார்கள். இட்லி அரிசி. அதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால் கீச் என்ற சத்தத்தோடு தன் பதினைந்து இலக்க எண்ணைத் திரையில் சொல்லும். எங்களிடம் இருந்தது பழைய ஸ்கேனர். ஒரு விரல் தூரத்துக்கு மேல் அதற்குக் காது கேட்காது.

முதலில் பறவையை ஸ்கேன் செய்ய வேண்டும், ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று. பிறகு உறைக்குள் இருக்கும் சிப்பை. உறைமேல் அச்சடித்த எண்ணும் கருவி காட்டும் எண்ணும் ஒன்றா என்று. பறவையைப் பிடிக்கும்போது காலை முதலில் பிடிக்க வேண்டும். எல்லோரும் அலகைப் பார்த்துப் பயப்படுவார்கள். கையைக் கிழிப்பது நகம். தலையைத் துண்டால் மூடினால் பாதிப் பயம் போய்விடும், பறவைக்கும் நமக்கும். நெஞ்சை இறுக்கக் கூடாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. மல்லாத்தி, இடது மார்பில் இறகை விலக்க வேண்டும், பிடுங்கக் கூடாது. ஸ்பிரிட் ஒரு சொட்டு போதும். அதிகம் நனைத்தால் உடம்பு குளிர்ந்துவிடும். தசை தடித்த இடத்தில், தலைப்பக்கமாக ஊசியைச் சாய்த்து இறக்க வேண்டும். ஊசியை எடுத்ததும் கட்டைவிரலால் இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். சந்தானம் சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். விரலை முன்னதாக எடுத்தால், “இன்னும் முப்பது செகண்ட் இருக்கு” என்பார். அதன்பின் மறுபடி ஸ்கேன். ஒருவர் எண்ணை வாசிக்க, இன்னொருவர் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசிக்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் அவருடையதுதான். பயன்படுத்தாத ஒரு சிப்பை ஸ்கேனரின் வார் நுனியில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவைத்திருப்பார். பறவையிடம் சத்தம் வராவிட்டால் முதலில் அந்த நுனியைக் காட்ட வேண்டும். “ஊமை மெஷினா, பறவையான்னு தெரியணும்ல?”

பறவையைப் பிடிக்கும் கை காதர் பாயுடையது. கூத்தாநல்லூர்க்காரர், காப்பகத்தின் ஒப்பந்த ஊழியர். பதினான்கு வருடம் துபாயில் ஒரு ஷேக்கின் வல்லூறுகளைப் பராமரித்துவிட்டு ஊர் திரும்பியவர். ஓடும் கோழியைப் பிடிப்பதுபோல் நாங்கள் தடுமாறும் இடத்தில், அவர் கையில் பறவை தானாக வந்து படுத்துக்கொள்ளும்.

“அங்க ஒவ்வொண்ணுக்கும் பாஸ்போர்ட் உண்டு டாக்டரம்மா. ஏர்போர்ட்ல அதுக்கு சீட்டுப் போட்டு உக்கார வைப்பாங்க. எனக்கு விசா முடிஞ்சிருச்சு, அதுக்கு முடியல.”

ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்குக் கூட்டம் வரும். கருடனைப் பார்ப்பது நல்லது என்று குடும்பத்தோடு வந்து, கூண்டு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். காதர் பாய்க்கு அது பெருமை. “என் மச்சான் கேக்குறான், பெருமாள் வாகனத்துக்கு நீங்கதான் டிரைவரான்னு. ஆமாடா, டாக்டரம்மா மெக்கானிக்குன்னேன்.”

சிப் வைத்ததன் பலன் முதல் வருடத்திலேயே தெரிந்தது. காப்பகத்தில் ஒரு கூகை காணாமல் போனது. இரண்டு வாரம் கழித்து, பேருந்து நிலையத்தில் ஒருவரின் சாக்குப்பைக்குள் கூகை இருந்ததாகக் காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். அவர், ஓட்டு வீட்டில் பிடித்தேன், காட்டில் விடக் கொண்டுபோகிறேன் என்றார். நான் மேசைமேல் வைத்து ஸ்கேனரைக் காட்டினேன். கீச் என்றது. பதிவேட்டை விரித்து எண்ணைக் காட்டினேன். உதவி ஆய்வாளர் குனிந்து பார்த்துவிட்டு, “என்னம்மா, ஆந்தைக்கே ஆதாரா?” என்றார்.

இனி நான்காம் எண்.

திருவாரூர் பக்கம் மின்கம்பியில் அடிபட்டு வந்த கருடன் அது. இடது இறக்கை முட்டியில் முறிந்திருந்தது. எலும்பு கூடியது, மூட்டு இறுகிவிட்டது. பாதிக்கு மேல் இறக்கை விரியாது. கிளைக்குக் கிளை தாவும், அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்திருந்தால் அதைப்போல் கம்பீரமான பறவை காப்பகத்தில் இல்லை. காதர் பாய் அதற்கு ‘ஜமீன்’ என்று பெயர் வைத்தார். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது, ஆனால் எல்லாம் கேட்கும் என்றார்.

சிப் வைக்கும்போது அதன் இடது மார்பில் அடிபட்ட வீக்கம் இன்னும் வடியவில்லை. அங்கே ஊசி இறக்க எனக்கு மனம் வரவில்லை. வலது பக்கம் வைத்தேன். சந்தானம் சார் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விதி இடது பக்கம்.”

“இடது பக்கம் தசை கன்னிப்போயிருக்கு சார்.”

“வைங்க. ஆனா காரணத்தை எழுதுங்க.”

எழுதினேன். ‘வலது’ என்ற சொல்லுக்குக் கீழே அவரே சிவப்பில் இரண்டு கோடு போட்டார். காப்பகத்தில் வலது பக்கம் சிப் உள்ள பறவை அது ஒன்றுதான்.

ஒன்பதாம் எண்ணும் கருடன். தரங்கம்பாடியில் மீன்வலைக்குள் சிக்கி, தூண்டில் முள் தொடையில் ஏறிய நிலையில் மீனவர்கள் கொண்டுவந்தது. காதர் பாய் வைத்த பெயர் ‘மைனர்’. ஓரிடத்தில் நிற்காது. நான்கு மாதத்தில் முழுக்கத் தேறியது. பறக்கப் பழகுவதற்காக முன்பக்கத்து நீளக் கூண்டுக்கு மாற்றினோம். ‘9, விடுவிப்பு’ என்று பலகை மாட்டினோம்.

அந்த நேரத்தில் குத்தாலம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து திருப்பணிக் கமிட்டித் தலைவர் பக்கிரிசாமி வந்தார். அவர்கள் ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். கலசத்தில் தண்ணீர் ஊற்றும்போது வானத்தில் கருடன் வட்டமிட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் எதிர்பார்ப்பு. தலைகள் எல்லாம் மேலேதான் பார்க்கும். “நீங்க குணப்படுத்தின கருடனை அன்னைக்கு எங்க ஊர்ல விட்டீங்கன்னா ஊருக்கே புண்ணியம்” என்றார். அறக்கட்டளைச் செயலாளருக்கு யோசனை மிகவும் பிடித்துவிட்டது.

விட்ட பறவை கோபுரத்தைச் சுற்றாது, எங்களை விட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போகும் என்று சொன்னேன். “மேல போனா போதும்மா, மத்ததை ஜனங்க பாத்துக்குவாங்க” என்றார் பக்கிரிசாமி. பறவை தயாராக இருந்தது; அறுப்பு முடிந்த வயல்களில் இரையும் இருந்தது. வெடி கூடாது, கூட்டத்துக்கு நடுவில் கூடாது, வாய்க்கால் கரையிலிருந்துதான் விடுவேன் என்ற நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டேன்.

கும்பாபிஷேகம் திங்கட்கிழமை காலை. அதே காலையில் காதர் பாயின் மகளுக்கு நிக்காஹ். ஞாயிறு மாலை நான் காப்பகத்துக்குப் போனபோது அவர் கிளம்பியிருந்தார். நீளக் கூண்டில் கிளைமேல் ஒரு கருடன் உட்கார்ந்திருந்தது. பலகையில் ஒன்பது. விடுவிப்புத் தாளில், ‘பறவை சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன்.

ஸ்கேன் செய்யவில்லை. மறுநாள் விடும்போது செய்யத்தானே போகிறோம் என்று விட்டேன்.

காலையில் காவலாளி அந்தக் கூண்டுப் பறவையைப் பெட்டியில் அடைத்து ஜீப்பில் ஏற்றினார். நான் குத்தாலம் வழியாக நேரே போய்விட்டேன். வாய்க்கால் கரையில் நின்றால் கோபுரத்தின் மேல் சாரத்தில் குருக்கள்மார் குடத்தோடு நிற்பது தெரிந்தது. கூட்டம் வாய்க்கால் வரைக்கும் வந்திருந்தது. கரையில் செயலாளர், பக்கிரிசாமி, கேமராவோடு இரண்டு பேர். கோயில் ஒலிபெருக்கியில் இன்னும் பத்து நிமிடம் என்று அறிவித்தார்கள்.

பெட்டியைத் திறந்து, துண்டைப் போர்த்தி, கால்களைப் பிடித்து வெளியே எடுத்தேன். இடது மார்பில் ஸ்கேனரை வைத்தேன்.

சத்தம் இல்லை.

மறுபடி, மெதுவாக, நெஞ்செலும்பை ஒட்டி மேலிருந்து கீழே. சத்தம் இல்லை.

“பேட்டரி போயிருக்கும் டாக்டர். டைம் ஆகுது, விடுங்க” என்றார் செயலாளர்.

வார் நுனியில் ஒட்டியிருந்த சிப்பைக் காட்டினேன். கீச் என்றது. கருவி சரியாக இருக்கிறது. பறவைதான் பேசவில்லை.

“அதான் சத்தம் வந்துருச்சே!”

“இது வேற சார்.”

அந்த இடத்தில் எனக்குள் ஒரு குரல், சிப் நகர்ந்திருக்கும், விட்டுவிடு என்றது. அது நினைப்பு. பறவையை மெல்லத் திருப்பி, கருவியை வலது மார்புக்குக் கொண்டுபோனேன்.

கீச்.

எண்ணைப் படிப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வலது பக்கம் சிப் வைத்தது நான்தான், ஒரே ஒரு பறவைக்கு. படித்தேன்; பதிவேட்டின் நகலோடு பதினைந்து இலக்கத்தையும் ஒப்பிட்டேன். நான்காம் எண். பிறகு இடது இறக்கையை விரித்துப் பார்த்தேன். சிக்கிக்கொண்ட கதவுபோல் பாதியில் நின்றது.

“இதை விட முடியாது” என்றேன். “இது பறக்காத பறவை. மாறி வந்திருக்கு.”

செயலாளரின் முகம் சிவந்தது. “மெஷினை நம்பி என் மானத்தை வாங்குறீங்களே! அத்தனை ஜனம் பாத்துட்டு நிக்குது. தூக்கி விட்டா தன்னால பறக்கும்.”

“பறக்காது சார். நீங்க எழுதிக் கொடுத்தாலும் விடமாட்டேன்.”

பக்கிரிசாமி கிட்டே வந்து, பாதி விரிந்த இறக்கையைப் பார்த்தார்.

“ஏம்மா, விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“பத்தடி போய்க் கீழ விழுந்திருக்கும். கூட்டத்துக்குள்ள.”

“இன்னைக்கா? குடம் ஊத்துற நேரத்துலயா?”

“ஆமா.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கோயிலில் மைக் வைத்திருந்தவருக்குப் போன் செய்தார். “தம்பி, கருடன் வர்றப்ப தானா வரட்டும். நீங்க நேரத்துக்கு ஊத்துங்கடா.”

ஊற்றினார்கள். அன்றைக்கு வானத்தில் கருடன் வந்ததா என்று இன்றும் என்னைக் கேட்பவர்கள் உண்டு. வந்தது என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். நான் பறவையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். மேலே பார்க்கவில்லை.

காதர் பாய்க்குப் போன் செய்தேன். பின்னால் பந்தி நடக்கும் சத்தம்.

“டாக்டரம்மா! பிரியாணி ஆறுது, எங்க இருக்கீங்க?”

“பாய், நீளக் கூண்டுல யாரை வச்சீங்க?”

“யா அல்லாஹ். திருப்பி மாத்தலையே டாக்டரம்மா! நேத்து ஒரே கூட்டம். மைனர் மிரண்டு கம்பியில மோதுனான். இன்னைக்கு விடப்போற புள்ள, வால் ஒடிஞ்சா என்ன பண்றதுன்னு அவனைப் பின்னாடி ஆறாம் கூண்டுல விட்டுட்டு, வந்தவங்க பாக்க ஒண்ணு வேணுமேன்னு ஜமீனை முன்னாடி வச்சேன். சாயங்காலம் மாத்தணும்னு இருந்தேன், அதுக்குள்ள சம்பந்தி வீட்டுக்காரங்க வந்துட்டாங்கன்னு போன். ஜமீன் எங்க? விட்டுட்டீங்களா?”

“பெட்டிக்குள்ள இருக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ். நான் வந்துடட்டா?”

“கல்யாண வேலையை முடிச்சுட்டு வாங்க பாய்.”

மறுநாள் காதர் பாயை வேலையிலிருந்து நீக்க அறக்கட்டளையில் கடிதம் தயாரானது. எல்லாக் குற்றமும் அவர்மேல் எழுதியிருந்தார்கள். நான் இரண்டு பக்க அறிக்கை எழுதி சந்தானம் சாருக்கு அனுப்பினேன். காப்பாளர் கூண்டு மாற்றியது பறவையின் வாலைக் காப்பாற்ற. பறவை எது என்று சரிபார்க்க வேண்டியது மருத்துவரின் வேலை. அதன்பின் இப்படி எழுதினேன்: ‘ஞாயிறு மாலை, பலகையைப் படித்து, இது ஒன்பதாம் எண் என்று நினைத்தேன். கையெழுத்திட்டேன். திங்கள் காலை, ஸ்கேன் செய்து பார்த்தேன்.’

நான்காம் நாள் அறிக்கை திரும்பி வந்தது. ‘நினைத்தேன்’ என்பதன் கீழ் பச்சையில் ஒரு கோடு. ‘பார்த்தேன்’ என்பதன் கீழ் இரண்டு. கடைசியில் மூன்று வரி: இனிப் பெட்டியில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஸ்கேன் செய்ய வேண்டும். காப்பாளர் மீது நடவடிக்கை தேவையில்லை. மருத்துவரிடம் விளக்கம் பெறப்படும்.

விளக்கம் கொடுத்தேன். அது என் பணிக் கோப்பில் இருக்கிறது. முப்பத்து மூன்று வருடப் பணியில் எனக்குப் பரிசும் சான்றிதழும் கிடைத்திருக்கின்றன. ஆனால் யாராவது என் கோப்பைத் திறந்தால், முதலில் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும் என்றுதான் விரும்புவேன்.

மைனரைப் பத்து நாள் கழித்து அதே வாய்க்கால் கரையில் விட்டோம். மேளம் இல்லை, மைக் இல்லை. பக்கிரிசாமி மட்டும் சைக்கிளில் வந்திருந்தார். ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை, இடது மார்பு, கீச். நான் எண்ணை வாசித்தேன், காதர் பாய் எழுதித் திரும்ப வாசித்தார். பிறகு கையை விரித்தார். அது எதையும் சுற்றவில்லை. வயலுக்கு மேலே தாழப் போய், தென்னைகளைத் தாண்டி உயர்ந்து, காவிரிப் பக்கம் திரும்பி மறைந்தது.

“திரும்பிக்கூடப் பாக்கல பாருங்க, மைனர்ப் பய” என்றார் காதர் பாய். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த எண் அதன்பின் எங்கள் ஸ்கேனரில் ஒலிக்கவில்லை. அடிபட்டுத் திரும்பி வரவில்லை, சாக்குப்பையில் வரவில்லை. எங்கள் தொழிலில் அதைவிட நல்ல செய்தி கிடையாது.

ஜமீன் இன்னும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், டாக்டர். அந்தப் படிவத்தில் இடது என்று போட்டால், நாளைக்கு உங்களுக்குப் பின் வருபவர் இடது பக்கம் வைத்துப் பார்ப்பார். சத்தம் வராது. சிப் இல்லாத புதுப் பறவை என்று நினைப்பார். கட்டம் காலியாக இருக்கட்டும். படிவம் சேமிக்கப்படாமலே கிடக்கட்டும். அதில் ‘வலது’ என்று போட வழி வரும்வரை காகிதப் பதிவேட்டைப் பரணில் போடாதீர்கள்.

இதை எழுதி முடிக்கும் முன்பே அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. துண்டுக்குள் ஒரு வெள்ளைத் தலை. வலது மார்பில் ஸ்கேனர். திரையில் பதினைந்து இலக்கம். கீழே ஒரே வரி: ‘பார்த்துட்டேன் மேடம்.’

எழுந்துபோய், சிப் எண்களைக் குறித்துவைத்திருந்த என் பழைய நோட்டை எடுத்து வந்தேன். எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்ட பிறகுதான் அவருக்குப் பதில் போட்டேன்.